கூத்துடுப்பும் பதிப்பு நெறியும்

ஈழத்துக் கூத்தாராய்ச்சி நெடுங்காலம் பாடலையே பற்றி நின்றது. ஏடுகளிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் கிடந்த கூத்துகள் அச்சேறின. மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் பதிப்பித்தார். ஆட்டத்தையும் அளிக்கை முறையையும் விரிவாக ஆராய்ந்த சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ 1998 இல் நூலாயிற்று. இவ்வாறு பாடலுக்குப் பதிப்பாசிரியரும் ஆட்டத்துக்கு ஆய்வாளரும் வாய்த்தனர். கூத்தனின் உடலோடு ஒட்டிக் கிடந்து, அவன் வியர்வையிலே நைந்துபோன உடுப்புக்கு மட்டும் பதிப்பாசிரியர் வாய்க்கவில்லை. இக்குறை சிறிதன்று.

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலுமுள்ள ஊர்களில் வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துகள் வழங்குகின்றன. வடமோடி பெரும்பாலும் இதிகாசப் போர்க் கதைகளைப் பொருளாகக் கொள்வது. அதன் அரச பாத்திரங்களுக்குரிய உடுப்புப் பாரமானது. தலையிலே கிரீடமும் இடையைச் சூழக் கரப்புடுப்பும் அணிவர். தென்மோடியின் உடுப்பு ஒப்பளவில் இலேசானது. கரப்பு என்ற பெயரே கருதத்தக்கது. வாவியின் ஆழங்குறைந்த நீரிலே மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடைக்கும் முற்றத்திலே கோழியைக் கவிழ்த்து மூடும் கூடைக்கும் அதுவே பெயர். வளையங்களாற் கூடுகட்டித் துணி போர்த்த அரச உடையை, அவ்வூர் மக்கள் தம் கைக்குப் பழகிய பொருளின் பெயராலேயே அழைத்தனர். அரசனின் கம்பீரம் மீனவனின் கூடையிலிருந்து பிறந்தது எனின் அது மிகையாகாது.

இத்தகைய உடுப்பு வெறும் அலங்காரமன்று. துணி காலில் ஒட்டாதவாறு கூடு அதனை விலக்கி நிற்கிறது. ஆடுவோன் சுழலும்போது அதுவும் சுழல்கிறது. அவன் நின்ற பின்னரும் அதன் அசைவு ஒரு கணம் தங்குகிறது. இருவர் எதிரெதிரே வரும்போது அவர்களுக்கிடையேயுள்ள தூரத்தையும் அதுவே வரையறுக்கிறது. வட்டக்களரியைச் சூழ எல்லாப் பக்கத்திலும் மக்கள் அமர்ந்திருக்க, முன்னும் பின்னும் ஒரே வடிவாய்த் தோன்றும் உடுப்பே அக்களரிக்குப் பொருந்துவது. எனவே உடுப்பை மாற்றுவது ஆட்டத்தின் ஓர் உறுப்பை மாற்றுவதாகும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தன் தயாரித்த கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் முதலியன, விடியவிடிய ஆடப்பட்ட கூத்தைச் சில மணி நேரத்துள் அடக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தன. படித்தோர் மத்தியில் கூத்துக்கு மதிப்பைத் தேடித் தந்த அம்முயற்சியின் பெருமை மறுக்கப்படுவதன்று. ஆயினும் மேடை ஒருமுகமாகவும் ஒளி மின்னொளியாகவும் மாறும்போது, உடுப்பு பார்வையாளரின் கண்ணுக்கு மட்டும் உரியதாகிவிடும் இடர் உண்டு. மறுபுறம், 2000 களில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், கூத்தை அதன் களரியிலும் சமூகத்திலும் வைத்தே புதுப்பிக்க முனைந்தது. முன்னையது கூத்தை ஊரிலிருந்து மேடைக்கு அழைத்தது. பின்னையது ஆய்வாளரை ஊருக்கு அழைத்தது. உடுப்பைப் பொறுத்தவரை இரண்டாவது வழியே பயன் மிக்கது. ஏனெனில் உடுப்பின் இலக்கணம் அதனைக் கட்டியவர் கையிலும் அணிந்தவர் இடையிலுமே தங்கியுள்ளது.

இவ்விடத்து மேனாட்டார் தம் பழைய உடைகளை மீளச் செய்யும் முறை ஒப்புநோக்கத்தக்கது. கோர்செட் எனப்படும் இறுக்குக்கச்சு, திமிங்கிலத் தகடு முதலியவற்றால் விறைப்பேற்றி, கயிறு கோத்து இறுக்கப்படுவது. கரப்பு உடலைச் சூழ வெளியை உண்டாக்குகிறது. இறுக்குக்கச்சு உடலையே ஒடுக்குகிறது. ஆயினும் இரண்டும் துணிக்குள் எலும்புக்கூடு வைத்து நடையையும் நிலையையும் ஆள்வன. முதலாம் எலிசபெத் அரசியின் இறுதி ஊர்வலத்துக்கென 1603 இல் செய்யப்பட்ட பாவையின் கச்சு வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்தின் சேகரிப்பில் உள்ளது. இத்தகைய எஞ்சிய உடைகளை அளந்து, வெட்டையும் ஒட்டுத்துண்டையும் தையலையும் வரைபடமாக்கியவர் ஜேனற் ஆர்னோல்ட். 1964 முதல் அவர் வெளியிட்ட உடைப்படிவ நூல்கள், ஏட்டுப் பிரதியை எழுத்தெழுத்தாகப் பெயர்த்தெழுதும் பதிப்பாசிரியரின் பணிக்கு நிகரானவை.

அத்துறை கற்றுக்கொண்ட பாடங்கள் இரண்டு இங்கும் பொருந்தும். முதலாவது, அளவு மட்டும் உண்மை கூறாது என்பது. காட்சிப் பெட்டியில் விளிம்புகள் பொருந்த மூடிக் கிடக்கும் இறுக்குக்கச்சின் இடையளவைக் கண்டு, அணிந்தவரின் இடையும் அவ்வளவே எனப் பலர் கருதினர். ஆனால் அது முதுகுப்புறம் இடைவெளி விட்டுக் கட்டப்படுவதும் உண்டு. இரண்டாவது, எஞ்சியது எல்லாவற்றுக்கும் சான்றாகாது என்பது. பிறர் அணிய இயலாத சிறிய உடை பெட்டியில் தங்கும்; பலருக்கும் பொருந்தியது உடுத்திக் கிழிந்து போகும். கூத்திலும் மரக்கிரீடம் எஞ்சுமளவுக்குத் துணி எஞ்சாது. 1978 நவம்பரின் சூறாவளியும், 2009 வரை நீடித்த போரும், 2004 இன் ஆழிப்பேரலையும் கண்ட ஒரு நிலத்தில், ஓலைக் கூரையின் கீழ்ப் பேணப்பட்ட துணியும் பிரம்பும் எங்ஙனம் நிலைக்கும்? கிரீடத்தை மட்டும் பார்த்துக் கூத்துடுப்பை ஊகிப்பது காப்புச் செய்யுளைக் கொண்டு காவியத்தை ஊகிப்பது போலாகும்.

கூத்துடுப்பு என்றும் மாறிவந்ததே, அதற்கு மூலபாடம் ஏது என ஒரு தடை எழுப்பப்படலாம். தடை நியாயமானதே. கடைத்தெருவில் வந்த புதிய துணியும் மினுக்கும் காலந்தோறும் களரியேறியிருக்கும். ஆனால் பாடபேதம் மிகுதி என்பதற்காக எவரும் பதிப்பைக் கைவிடுவதில்லை. அதனாலேயே பதிப்பு வேண்டப்படுகிறது. ஓர் ஊரின் கரப்பில் வளையம் எத்தனை, மற்றோர் ஊரில் எத்தனை, எந்தத் தலைமுறையில் எது விடுபட்டது என்பன குறிக்கப்பட்டால், அவையே கூத்துடுப்பின் பாடபேதங்களாகும். சிறுவர்க்கும் பெண்களுக்கும் ஏற்ப உடுப்பை இலேசாக்குவதும் தவறன்று. இலேசாக்கியதைப் பழைமை என்று கூறுவதே தவறு. இன்று செய்யும் பிழை எழுதப்படாதிருப்பின் நாளை அதுவே மரபு எனக் கற்பிக்கப்படும்.

ஆகவே மீளுருவாக்கத்தின் வெற்றியை மேடையின் பளபளப்பைக் கொண்டு அளக்கலாகாது. எஞ்சிய உடுப்புகளின் வளையம், முடிச்சு, பாரம், தையல் என்பன முதலில் அளந்து வரையப்படல் வேண்டும். பின்னர் முதிய கைகளின் துணையோடு ஒன்று கட்டப்படல் வேண்டும். அரங்கேற்றத்துக்கு முந்திய அடுக்குப் பார்த்தலிலேயே அதனை ஆடுவோனுக்கு அணிவித்து, மத்தளத்தின் அடிக்கு அது இசைகிறதா என அண்ணாவியாரிடம் கேட்டல் வேண்டும். அவர் கூறும் திருத்தமும் கட்டியவரின் பெயரும் ஏட்டிலே பதியப்படல் வேண்டும். பாடலைப் பதிப்பித்தோர் ஏடு செல்லரிக்குமுன் விரைந்தனர். பிரம்பும் துணியும் ஏட்டைவிட விரைவாக அழிவன.