நீலமும் பச்சையும் பிரியும் இடம்

கம்பளை வீதியில் கெலிஓயாவைக் கடந்து போகிறவர்கள், மழைக்கால மதில்களில் படர்ந்திருக்கும் கரும்பச்சைப் படலத்தை நின்று பார்ப்பதில்லை. எஃப்.ஈ. பிரிட்ச் பார்த்தார். இலங்கையின் அல்காக்களைப் பற்றி 1907 இல் எழுதிய அந்தத் தாவரவியலாளர், ஈரவெப்ப நாடுகளின் சுவரிலும் மரத்திலும் நீலப்பச்சை அல்காக்களே மேலோங்குவதை எடுத்துக்காட்டினார். அவரிடம் பயின்ற எம்.ஓ.பி. ஐயங்காரின் மாணவர் டி.வி. தேசிகாச்சாரி, 1959 இல் ‘சயனோபைற்றா’ என்ற பெருநூலைத் தந்தார். பேராதனையில் எஸ்.ஏ. குலசூரிய, இவை நெல்வயலுக்குத் தரும் நைதரசனை ஆராய்ந்தார். இவர்கள் எல்லோரும் உயிரியை முழுதாக வைத்துப் பார்த்தவர்கள். கலத்தை உடைத்துப் பார்த்தவர்களின் மரபு வேறு.

கீரை என்றால் பச்சையவுருமணியைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். 1964 இல் கான்பராவில் போர்ட்மனும் அண்டர்சனும் டிஜிற்றோனின் கொண்டு அதன் இரு ஒளித்தொகுதிகளையும் பிரித்தனர். நீலப்பச்சை அல்காவுக்குப் பச்சையவுருமணியே கிடையாது. கலத்தை உடைத்தால் ஒளித்தொகுப்பு மென்சவ்வும் கலமென்சவ்வும் கலந்துவிடும். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒமாட்டாவும் முராட்டாவும், அடர்த்தி வேறுபட்ட சுக்குரோசுக் கரைசல் அடுக்குகளில் மையநீக்கியால் சுழற்றிக் கலமென்சவ்வைத் தனியாக எடுத்தார்கள். அது பச்சையாக இல்லை. கரற்றினொயிட்டுகளால் மஞ்சளாக இருந்தது. பச்சையம் இல்லாமையே அங்கு தூய்மைக்குச் சான்று.

இதே பிரிப்புக்கு நோர்லிங்கின் ஸ்டொக்ஹோம் குழு 1998 இல் அடர்த்தியை மட்டும் நம்பவில்லை. ஒன்றோடொன்று கலவாத இரு பல்பகுதியக் கரைசல்களில் எதை எந்தச் சவ்வு நாடுகிறது என்பதையும் பயன்படுத்தியது. என் கணிப்பில் இதுவே கண்டிப்பான பள்ளி. ஒளித்தொகுதிகள் உருவாகும் முதற்படி கலமென்சவ்விலேயே நிகழ்கிறது என்று 2001 இல் எழுதவும் அதுவே துணிவு தந்தது. அந்த முடிவை ஏற்பதா என்பது மாதிரியின் தூய்மையைப் பொறுத்தது.

அதே ஆண்டில் பேர்லின் குழு, தூய்மையாக்கிப் பளிங்காக்கிய முதலாம் ஒளித்தொகுதியின் அமைப்பை வெளியிட்டது. ஒவ்வோர் அலகிலும் 12 புரதங்கள், 96 பச்சைய மூலக்கூறுகள்.

சவ்வின் மேல் அமர்ந்து ஒளியைத் திரட்டும் நீலப் புரதமான பைக்கோசயனினுக்குத் தூய்மை அளவுகோல் எளிது. 620 நனோமீற்றரில் உறிஞ்சலை 280 இல் உள்ளதால் வகுக்க 0.7 வந்தால் உணவுத் தரம். 4 ஐத் தாண்டினால் பகுப்பாய்வுத் தரம்.

நீலப்பச்சை அல்காவான ஸ்பைருலினாவின் தூளை நீரில் ஊறவைத்து வடித்தால் பைக்கோசயனினின் நீலம் இறங்கும். எஞ்சியதை அசற்றோனில் ஊறவைத்தால் பச்சையத்தின் பச்சை வரும். கெலிஓயாப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் இதை உயர்தர மாணவர்களுக்குச் செய்து காட்டவேண்டும். ஆனால் நீலமாகத் தெரிவதைப் பார்த்து ‘தூயது’ என்று அறிக்கையில் எழுத விடாதீர்கள்.