விசிறி இல்லாத பெட்டிக்கு ஒரு மெதுவான விசிறி

கவி பதிவு செய்யும் அறையில் முதலில் நிற்க வேண்டியது சீலிங் ஃபேன். அது நின்றதும், அதுவரை அதன் அடியில் அமுங்கிக் கிடந்த ஒலிகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். சுவர் மணிக்கூடு, பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய், அப்பால் கடல். எல்லாவற்றுக்கும் மேலாகக் கொம்பியூட்டரின் இரைச்சல். என் மூத்தம்மாவின் நினைவில் இருக்கும் கிராமியக் கவிகளைச் சாய்ந்தமருது வீட்டின் பின்னறையில் பதிவு செய்யத் தொடங்கிய முதல் இரவே அவர் பாதியில் நிறுத்தினார். "என்ன வாப்பா, அந்தப் பொட்டி இரையிது? அதோட சேர்ந்தா நான் படிக்கிற?"

அந்தக் கேள்விக்காகத்தான் சீசோனிக் நிறுவனத்தின் பிரைம் ஃபேன்லெஸ் பிஎக்ஸ்-500 என்ற பவர் சப்ளையை வாங்கினேன். உள்ளே விசிறியே கிடையாது. நான்கு மாதமாக அது என் மேசைக்குக் கீழே வேலை செய்கிறது. 500 வாட், பிளாட்டினம் தரம், கழற்றிப் பூட்டும் கேபிள்கள், 12 வருட உத்தரவாதம் எல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கின்றன. தைவானில் 1975இல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் பவர் சப்ளை ஒன்று என் பழைய கொம்பியூட்டரில் பல வருடம் உழைத்தது. அந்த நம்பிக்கையில்தான் இதற்கும் காசு கொடுத்தேன், நம்பிக்கை வீண்போகவில்லை. சில பவர் சப்ளைகளில் விசிறி இல்லாவிட்டாலும் சுருள்களிலிருந்து மெல்லிய கீச்சொலி வரும். இதில் காதை ஒட்டிவைத்துக் கேட்டாலும் அது இல்லை.

முதல் மூன்று வாரம் நான் தேடிய அமைதி கிடைத்தது. பிறகுதான் அதன் குணம் தெரிய வந்தது. இந்த விமர்சனம் அந்த ஒரு குணத்தைப் பற்றியது.

எங்கள் பக்கத்தில் பகல் முழுக்கச் சீலிங் ஃபேன் சுழலும். அறைக்காற்று ஓயாமல் அசைவதால் கேசிங்கின் துளைகள் வழியாகக் கொஞ்சமாவது உள்ளே போய் வரும். பதிவுக்கு உட்காரும்போது ஃபேனை நிறுத்தி, கதவையும் யன்னலையும் அடைக்கிறோம். காற்று முற்றாக நின்றுபோகும் அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் விசிறி இல்லாத பவர் சப்ளை தன் சூட்டைத் தானே சுமக்க வேண்டியிருக்கிறது. எந்த நேரத்து அமைதிக்காக அதை வாங்கினேனோ, அதே நேரத்தில்தான் அது வேகிறது. மல்டிமீட்டரோடு வந்த வெப்ப உணரியை மேல்தகட்டில் ஒட்டிப் பார்த்தேன். ஃபேன் ஓடும்போது 45 பாகை. நிறுத்தி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு 59. கச்சான் வீசும் ஆடி மாதத்தில், இரவிலும் அறை 31 பாகைக்குக் கீழே இறங்காத நாளில் எடுத்த கணக்கு இது.

இதில் பவர் சப்ளையின் பிழை எதுவும் இல்லை. பிளாட்டினம் தரம் என்றால், 230 வோல்ட் மின்சாரத்தில் பாதிச் சுமையின்போது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு உருப்படியாகக் கொம்பியூட்டருக்குப் போகிறது. பதிவிலிருந்து இரைச்சலை நீக்கும் மென்பொருளை ஓடவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து 250 வாட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து 266 வாட் போகும். மிச்சம் 16 வாட், ஒரு சின்னச் சாலிடரிங் அயனின் சூடு, அந்த இரும்புப் பெட்டிக்குள் தங்கும். சூடான காற்று தானாக மேலே எழுந்து போக வழியிருந்தால் 16 வாட் ஒரு பொருட்டல்ல. வழியை அடைப்பது இன்றைய கேசிங்குகள்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இப்போது வரும் கேசிங்குகளில் பவர் சப்ளையை அடியில் வைத்து, அதன் மேல் ஒரு தகட்டு மூடியையும் போடுகிறார்கள். கேபிள்கள் வெளியே தெரியாது, கண்ணாடி வழியாகப் பார்க்க அழகாயிருக்கும். கீழே விசிறி உள்ள பவர் சப்ளைக்கு அது பொருந்தும். துளையுள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டிய பவர் சப்ளைக்கு அந்த மூடி அடுப்பின் மேல் வைத்த சட்டி மாதிரி. எனக்குப் பூட்டித் தந்த கடைக்காரத் தம்பி, பழக்கத்தில் துளைப் பக்கத்தைக் கீழே பார்க்க வைத்திருந்தார். திருப்பிப் பூட்டினேன். ஐந்து பாகை குறைந்தது. மூடி அப்படியே இருக்கும் வரை அதற்கு மேல் குறையவில்லை.

ஐந்து பத்துப் பாகைக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். பவர் சப்ளையின் ஆயுள் அதற்குள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள். நல்ல வகை மின்தேக்கிகள் 105 பாகை வரை தாங்கும். ஆனாலும் சூடு 10 பாகை ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. குளிர்நாட்டு அறையில் பதினைந்து வருடம் இருக்கக்கூடிய ஒன்றை நம் அறையில் அதே கணக்கில் எதிர்பார்க்க முடியாது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 2004இல் அன்டெக் நிறுவனம் பாண்டம் 350 என்ற விசிறியில்லாத பவர் சப்ளையை வெளியிட்டது. உடம்பு முழுக்க வெப்பம் கடத்தும் அலுமினிய வரிகள். அடுத்து வந்த பாண்டம் 500இல் அந்த வரிகளோடு ஒரு சிறு விசிறியும் இருந்தது, சூடு ஏறினால் மட்டும் சுழலும். விசிறியைத் துறந்தவர்களே அதை மெதுவாக உள்ளே அழைத்துக்கொண்டார்கள். நானும் அதே முடிவுக்குத்தான் வந்தேன்.

நான் எடுத்தது ஒஸ்திரிய நிறுவனமான நொக்டுவாவின் என்எஃப்-எஸ்12ஏ யூஎல்என். 120 மில்லிமீற்றர் அகலம், முழு வேகமே நிமிடத்துக்கு 800 சுற்று. அதன் மண்ணிறத்தைப் பிடிக்காதவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கும், அகன்ற இலைகளோடு ஒரு மரச்சாமான் போலத் தோன்றும். இத்தனை மெதுவான விசிறியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும், ஆனால் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கும். காற்றில் பாதியை விட்டுக்கொடுத்தால் ஒலி முழுவதும் போய்விடுகிறது என்றே சொல்லலாம். 16 வாட் சூட்டை வெளியேற்றக் காற்று அதிகம் தேவையில்லை, அது நிற்காமல் அசைந்தாலே போதும்.

மூடிக்குக் கீழே ஹார்ட் டிஸ்க்குக்கென்று இருந்த கூட்டைக் கழற்றி எறிந்தேன். அந்த இடத்தில் விசிறியை நிறுத்தி, முன்பக்கக் காற்றைப் பவர் சப்ளையின் மேல் தள்ளிப் பின்பக்கத் துளைகளால் வெளியேற விட்டேன். ஆணி போட்டு இறுக்கவில்லை. இறுக்கினால் விசிறியின் நடுக்கம் தகட்டில் ஏறி, தகடே முனகும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி நான்கு மூலையிலும் தொங்கவிட்டேன். மதர்போர்ட் அமைப்பில் வேகத்தை 500 சுற்றுக்கு இறக்கினேன். அதற்கும் கீழே இறக்கினால் சில விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அணைத்துப் போடும்போது சுழலத் தொடங்காது. ஆகவே இறக்கியபின் பத்துத் தடவையாவது அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சீலிங் ஃபேன் நின்று ஒரு மணித்தியாலம் கழித்து மீண்டும் அளந்தேன். 42 பாகை. சீலிங் ஃபேன் ஓடியபோது இருந்ததைவிடவும் குறைவு. மைக்கை இரண்டடி தூரத்தில் வைத்து எடுத்த வெறும் பதிவில், விசிறி ஓடுவதையும் ஓடாததையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. கடல்தான் கேட்டது.

கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. மேலே திறந்திருக்கும் பவர் சப்ளைக்குள் பல்லியும் எறும்பும் விழ வாய்ப்புண்டு. உப்புக்காற்றோடு வரும் தூசும் ஈரத்தில் ஊறித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். நான் கேசிங்கின் முன்துளைகளுக்கு நுளம்பு வலையில் ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறேன். தானாக எழும் காற்றை மட்டும் நம்பினால் அந்த வலையே சுவராகிவிடும். மெதுவான விசிறி இருப்பதால் வலையைத் தாண்டியும் காற்று வருகிறது. மாதத்தில் ஒரு நாள் வலையைக் கழற்றி அலசிக் காயவைத்துப் போடுகிறேன்.

எனக்கு இன்னும் தீராத எரிச்சல் யூபிஎஸ். கரண்ட் போனதும் அது எழுப்பும் பீப் ஒலியும், உள்ளே இருக்கும் சின்ன விசிறியின் அலறலும் இத்தனை உழைப்பையும் ஒரு நொடியில் அழித்துவிடும். 2022இல் பல மணித்தியால மின்வெட்டில் வாழ்ந்த நமக்கு யூபிஎஸ் வேண்டாம் என்றிருக்க முடியாது. நீளமான கேபிள் இழுத்து அதை அடுத்த அறையில் வைத்துவிட்டேன். அமைதியான கொம்பியூட்டர் கட்ட நினைப்பவர்கள் யூபிஎஸ் இருக்கும் இடத்தையும் முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விசிறியைப் பவர் சப்ளைக்கு வெளியே மட்டும் வையுங்கள். பவர் சப்ளையின் உறையை ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் 400 வோல்ட்டுக்கு நெருங்கிய மின்சாரம் தேங்கி நிற்கலாம். உயிரை எடுக்க அது போதும்.

இவ்வளவு பாடும் கவிக்காகத்தான். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கிராமியக் கவிகளைத் தேடித் தொகுத்து நூல்களாக்கினார்கள். சொற்கள் தாளில் பத்திரமாக இருக்கின்றன. மூத்தம்மா ஒரு வரியின் கடைசியை இழுத்து, மூச்சை உள்ளே வாங்கி, அடுத்த வரிக்குப் போகும் அந்த இடைவெளியைத் தாளில் எழுத முடியாது. அதைப் பிடிக்க அமைதியான அறை வேண்டும். பிஎக்ஸ்-500 வந்தபின் எடுத்த பதிவுகளில் அவரது மூச்சும் கேட்கிறது.

தீர்ப்பு இதுதான். சீசோனிக் பிஎக்ஸ்-500 நம்பி வாங்கக்கூடிய பொருள். ஆனால் எங்கள் கல்முனைக் கரையில், ஏசி இல்லாத அறையில், மூடி போட்ட கேசிங்கில் அதைத் தனியே விடாதீர்கள். துளைப் பக்கத்தை மேலே வைத்து, 500 சுற்றில் ஓடும் 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டுக்கும் காசு போதாவிட்டால், சாதாரணப் பவர் சப்ளையை வைத்துக்கொண்டு கொம்பியூட்டரை அடுத்த அறைக்கு நகர்த்தி, மைக்கின் கேபிளை நீளமாக இழுங்கள். உங்கள் வீட்டிலும் கவி தெரிந்த ஒரு மூத்தம்மா இருந்தால், பொருள் வாங்கக் காசு சேரும்வரை காத்திருக்காதீர்கள். இன்று இரவே ஃபேனை நிறுத்திவிட்டு, கையிலிருக்கும் போனிலாவது பதிவு செய்யுங்கள்.