கண் சக்கரத்தில் இருக்கட்டும்

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தை முதன்முறை பார்ப்பவரின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். ஆனால் பந்து கூடையில் விழுவதற்குச் சில நொடிகள் முன்பே காரியம் சக்கரங்களில் முடிந்துவிடுகிறது. அதைக் கவனிக்கப் பழக, ஜப்பான் வீரர் ரென்ஷி சோகாயின் ஆட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது.

1999இல் நாகசாகியில் பிறந்தவர் சோகாய். பிறவியிலேயே கை, கால்களில் குறைபாடு. மூன்று வயதில் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டன. விரல்களும் முழுமையாக இல்லை. நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த காலத்தில் இந்த ஆட்டத்துக்கு வந்த பையன், 17 வயதில் ரியோ பாராலிம்பிக்கில் ஜப்பானுக்காக ஆடினார். 2021இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் ஜப்பான் இறுதிவரை போனது. அமெரிக்காவிடம் 60-64 என்று தோற்று வெள்ளி வென்றது. எறிவது, ரீபவுண்ட் பிடிப்பது, பாஸ் கொடுப்பது என்று அந்தத் தொடர் முழுக்க எல்லாவற்றிலும் சோகாயின் கை இருந்தது.

அவரைப் பார்க்கும்போது இடுப்பைக் கவனியுங்கள். கூடை வழக்கமான 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இருக்கையை விட்டு எழும்பினால் தவறு. அதனால் அவர் இடுப்பை வெட்டி, ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மற்றொன்றின் மேல் சாய்ந்து நிற்கிறார். டில்ட்டிங் என்கிற இந்த வித்தையில் கை இன்னும் கொஞ்சம் மேலே எட்டுகிறது. அந்த ஒரு நொடிச் சமநிலையிலேயே எறிந்தும் விடுகிறார்!

விதிகளில் இரண்டு தெரிந்தால் போதும். பந்தைக் கையிலோ மடியிலோ வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறைதான் தள்ளலாம். மூன்றாவது தள்ளலுக்கு முன் பந்தைத் தரையில் தட்டவோ பாஸ் கொடுக்கவோ எறியவோ வேண்டும். அடுத்தது புள்ளிக் கணக்கு. உடலின் இயக்கத்திறனைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்தில் ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. சோகாய் 2.5.

இந்த 14தான் ஆட்டத்தை அழகாக்குகிறது. 4.5 புள்ளிக்காரர்களாகவே ஐவரை இறக்க முடியாது. உடலைத் திருப்பவோ குனிந்து நிமிரவோ அதிகம் இயலாத 1.0 வீரருக்கும் இடம் கிடைக்கிறது. அவர் கூடையை நோக்கி எறிவது அபூர்வம். ஆனாலும் அவரைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். காலால் ஆடுபவர் சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்கிவிடலாம். நாற்காலிக்கு அது முடியாது, திரும்பித்தான் போக வேண்டும். அந்தப் பலவீனத்தை 1.0 வீரர் நன்றாக அறிவார். எதிரணியின் உயரமான ஆள் தற்காப்புக்குத் திரும்பும் வழியில் தன் நாற்காலியைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்துவார். விதிப்படி நாற்காலியும் வீரரின் உடம்புதான். அவர் முன்பே அங்கே நின்றிருந்து மற்றவர் வந்து இடித்தால், பவுல் இடித்தவர் மேல். சிக்கியவர் வளைந்து வெளியே வருவதற்குள் மறுமுனையில் எதிரணியின் தற்காப்பில் நால்வர்தான் இருப்பார்கள். கூடையில் போட்டவர் பெயர்தான் ஸ்கோர் பட்டியலில் ஏறும். வழி செய்தவருக்கு அதில் வரியே இல்லை. இது எனக்கு ஆறாத குறை.

நேரில் பார்க்க வாய்த்தால் மேல் வரிசையில் உட்காருங்கள், களம் முழுவதும் தெரியும். டோக்கியோ இறுதியாட்டத்தைக் காணொளியில் பார்ப்பவர்கள், பிடித்த கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு முறை ஓட்டிப் பார்க்கலாம். முதல் முறை சோகாயைப் பாருங்கள். மறுமுறை பந்தே வராத மூலையில் யார் யாரை மறித்து நிற்கிறார் என்று தேடுங்கள்.