பாவப் பட்டியலும் ஒரு கன்றும்

நீலகிரிப் படகர்களின் பழைய சாவுச் சடங்கில் பாவங்களை வரிசையாகச் சொல்லிப் பாடுவார்கள். பாம்பைக் கொன்றது, பல்லியைக் கொன்றது, எல்லைக்கல்லை நகர்த்தியது, கோள் சொன்னது என்று நீளும். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஆமோதிக்கும். கடைசியில் அத்தனையும் ஒரு கன்றின் மேல் ஏறிவிடும். சார்லஸ் கோவர் 1871-இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் நூலில் படகர் பாடல்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.

பைபிள் படித்தவர்களுக்கு உடனே லேவியராகமத்துப் போக்காடு ஞாபகம் வரும். எனக்கென்னவோ கார்த்தேஜ்தான் வருகிறது. கி.பி. 250-இல் பேரரசன் தேசியஸின் ஆணைக்குப் பயந்து ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்ட கிறிஸ்தவர்கள், பிறகு சபை வாசலில் வந்து நின்றார்கள். ரோமிலிருந்த நொவாத்தியன், சேர்க்கவே கூடாது என்றார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் 251-இல் கதவைத் திறந்தார், ஆனால் விசாரித்துத்தான்: காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவருக்குச் சீக்கிரம், நிஜமாகவே பலியிட்டவருக்குச் சாகும் தறுவாயில்.

படகர் பாட்டில் விசாரணையே கிடையாது. செத்தவர் பல்லியைக் கொன்றாரா என்று யாரும் கேட்பதில்லை. மனுஷன் செய்யக்கூடியதெல்லாம் அவர் கணக்கில் ஏறுகிறது, எல்லாமே இறங்கியும் விடுகிறது. கிருபை என்ற சொல்லுக்குச் சிப்ரியானைவிட இதுதான் கிட்டத்தில் இருக்கிறது. ஒன்றுதான் உறுத்துகிறது. எல்லைக்கல் நிஜமாகவே நகர்ந்திருந்தால், நிலத்தை இழந்தவனும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்பான். அவனும் சேர்ந்து ஆமோதிக்கணும்.