உம்மாட குடி

கிழக்கிலங்கையின் கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ முஸ்லிம் வீடொன்றில் கல்யாணப் பேச்சு எழும்பினால், வீட்டு மூத்தம்மா "அவங்க என்ன குடி?" என்று கேட்பார். குடி தாய்வழி வருவது. உம்மாவின் குடியே பிள்ளைக்கும். ஒரே குடிக்குள் சம்பந்தம் கூடாது என்ற பழைய முறை தளர்ந்துவிட்டது. கேள்வி மட்டும் தங்கியிருக்கிறது. அதற்கு விடை தெரியாமல் விழிக்கும் பேரப்பிள்ளைதான் வம்சம் தேடப் புறப்படுகிறது.

புறப்பட்டதும் கைக்குக் கிடைப்பவை வேறு கேள்வியைக் கேட்ட நூல்கள். இலங்கை முஸ்லிம்களான சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் கட்டுரை வாசித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு வெளியிட்டு, அரபு வழியை நிலைநாட்ட முயன்றார். சட்டநிரூபண சபையில் யார் யாருக்காகப் பேசுவது என்ற போட்டி அந்த வாதத்தின் பின்னால் இருந்தது. கடல் கடந்து வந்த ஆண் யார் என்றே அந்த வாதம் சுழன்றது. கரையில் இருந்த பெண் யார்?

கிழக்கின் கர்ணபரம்பரைக் கதை அதைத்தான் சொல்கிறது. திமிலர் சாதியாரோடு நடந்த சண்டையில் முக்குவர் சாதியாருக்குத் துணைநின்ற முஸ்லிம்களான பட்டாணியர், வெகுமதியாக முக்குவப் பெண்களை மணந்தார்கள், அவர்கள் வழியாகவே முஸ்லிம்களுக்குக் குடி வந்தது என்கிறது அது. இதை அப்படியே வரலாறாக எடுக்க என்னால் முடியாது. ஆனால் தமிழரும் முஸ்லிம்களும் இந்தக் கரையில் ஒரேவிதமான தாய்வழிக் குடிமுறையில் வாழ்ந்ததற்கு மக்களே தேடிக்கொண்ட விளக்கம் என்ற வகையில் அது பொன்போன்ற சான்று. 1626ஐ ஒட்டிப் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்ற செய்தியையும் பலர் தம் வீட்டுக் கதையோடு பொருத்திப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்தில் உண்மையாக இருக்கலாம்: ஆண் வந்தவன், பெண் இருந்தவள்.

அக்கரைப்பற்றில் 1969 முதல் களப்பணி செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட நூலில் இந்தத் தாய்வழி அமைப்பை விரிவாக எழுதினார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்கார் இருந்த வழக்கமும் அதில் சேரும். சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீல் நாட்டார் பாடல்களைத் திரட்டியதை நான் இன்னொரு காரணத்துக்காக மதிக்கிறேன். ஏட்டில் ஏறாத பெண்களின் குரல் அவற்றில் இருக்கிறது.

தேடுபவருக்குக் கைகொடுக்கும் ஆவணம் சீதன உறுதி. இங்கே வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். ஆணின் பெயருக்கு முன்னால் வாப்பாவின் முதலெழுத்து நிற்கும், தாயின் பெயர் எங்கும் நிற்காது. ஆனால் ஒரே வளவின் உறுதிகளை அடுக்கினால் உம்மா, உம்மும்மா, அவருடைய உம்மா என்று பெண்களின் வரிசை எழும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மருதமுனை தொட்டுக் கரையோரம் நெடுக வீடுகளோடு உறுதிகளும் போயின. அந்த வீடுகளில் மிஞ்சியது வாய்ச்சொல்தான். அதைச் சொல்லக்கூடிய மூத்தம்மாமார் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அரபு நாட்டு மூதாதையைக் கேட்கும் முன், "உங்கட உம்மாட உம்மா எந்த வளவுல இருந்தா?" என்று கேட்கட்டும்.