நின்ற கடிகாரமும் அறுந்த விலங்கும்

சார்லஸ் டிக்கன்ஸ் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை வார இதழில் தொடராக வெளியிட்ட ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை, ஏழைச் சிறுவனொருவன் எட்டாத பெண்ணை விரும்பிய கதையென்று சுருக்கிவிடுவோர் உளர். அதில் வரும் பொருள்களைக் கூர்ந்து நோக்குவோமாயின், அதனினும் ஆழமானதொன்று புலப்படும்.

கொல்லன் பட்டறையில் வளரும் பிப், மிஸ் ஹாவிஷாமின் மாளிகையில் எஸ்டெல்லாவைச் சந்திக்கிறான். அவனுடைய முரட்டுக் கைகளையும் தடித்த காலணிகளையும் அவள் எள்ளி நகையாடுகிறாள். அதுவரை குறையாகத் தோன்றாதவை அன்றே அவனுக்கு வெட்கமாகின்றன. ஆயினும் அவன் ஏங்கும் அம்மாளிகை எத்தகையது? கடிகாரங்கள் யாவும் எட்டு மணி நாற்பது நிமிடத்தில் நிற்கின்றன. மணநாளில் கைவிடப்பட்ட மிஸ் ஹாவிஷாம், மஞ்சளேறிய மணவாடையை இன்னும் களையவில்லை. மணவிருந்துக்கென வைத்த கேக்கில் சிலந்திகள் குடியிருக்கின்றன. உயர்வின் சின்னமெனப் பிப் கருதுவது, மன்னிக்க மறுத்த உள்ளத்தின் கல்லறையே.

மறுபுறம் அரமும் கால்விலங்கும் உள்ளன. தப்பியோடிய கைதிக்காகப் பிப் அஞ்சித் திருடித் தந்த அரம், பின்னர் மதுக்கடையில் ஓர் அந்நியன் கையில் தோன்றுகிறது. அறுபட்ட விலங்கே பிப்பின் தமக்கையை வீழ்த்தும் ஆயுதமாகிறது. அவன் மறக்க விரும்பியது அவனைத் தொடர்ந்து வருகிறது. தன்னைக் கனவானாக்கிய பணம் மாளிகையிலிருந்து வரவில்லை, அக்கைதியான மாக்விச்சிடமிருந்தே வந்தது என்றறிந்ததும் பிப் அருவருக்கிறான். எஸ்டெல்லாவோ அதே மாக்விச்சின் மகள்! மேலோர், கீழோர் என்னும் பிரிவு பொய்யென்பதை, கதைமாந்தர் உணருமுன்னரே விலங்கும் அரமும் உரைத்துவிடுகின்றன.

முடிவைப் பற்றி நமக்கு ஒரு தடையுண்டு. இருவரையும் பிரித்தே முதலில் முடித்த டிக்கன்ஸ், நண்பர் புல்வர் லிட்டனின் ஆலோசனைப்படி அதனை மாற்றினார். மாற்றிய முடிவு இனியதே. எனினும் கதையின் நிறைவு அதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறதென்று கருதுகிறோம். மிஸ் ஹாவிஷாம் தன் பெயர் பொறித்த ஏட்டை நீட்டி, அதன்கீழ் மன்னிப்பை எழுதுமாறு இறைஞ்சுகிறாள், பிப் மன்னிக்கிறான். நின்ற கடிகாரத்தை ஓடச்செய்யத்தக்கது அதுவே. பின்பு, சாகுந்தறுவாயிலுள்ள மாக்விச்சின் கையைப் பற்றி, அவனுடைய மகள் உயிரோடிருப்பதையும் தான் அவளை நேசிப்பதையும் பிப் கூறுகிறான். தன் முரட்டுக் கைக்காக வெட்கியவன், அதனினும் முரடான கையை விடாது பற்றுகிறான்.

மன்னிப்பைப் பற்றிப் போதிக்க ஆயத்தப்படும் மாணவர் இவ்விரு பகுதிகளையும் சேர்த்து வாசித்தல் நலம்.