அச்சுப் பக்கமும் பாட உண்மையும்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டை முதலிய சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். பெயர் அதுவாயினும் அவர்தம் தாய்மொழி தமிழே. முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தோர் என்பது அவர்கள் வழங்கும் மரபுச் செய்தி. இம்மக்களின் பாடல்களையும் கதைகளையும் கேட்டெழுதி நூலாக்குவார்க்கு, அச்சுக்குரிய பக்கங்களைக் கணிப்பொறியில் தாமே அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு இன்று உண்டு. அவ்வாய்ப்பால் பாடம் காக்கப்படுகின்றதா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளி பெறா. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒரே வடிவில் நிற்கும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல சுவடிகளை ஒப்புநோக்கியே இம்மயக்கங்களைத் தீர்த்தார். ஏட்டின் மயக்கம் அறிஞர் கண்ணுக்குத் தெரிந்த மயக்கம் என்க.

கணிப்பொறி தந்த மயக்கமோ வேறு. பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருள் 1985இல் தோன்றியது. அதன்வழித் தமிழ் நூல்கள் அச்சானபோது, எழுத்துருக்கள் பலவும் எழுத்தின் இயல்பை நோக்காது வடிவையே நோக்கிக் குறியீடு பெற்றன. ஔகாரத்தின் பின்னுறுப்பும் ளகரமும் வடிவொற்றுமையால் ஒன்றாயின. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அம்முறையில் இரண்டும் வேறு வேறு எழுத்துகளே. எனினும் பழைய கோப்புகளை மாற்றும்போதும் கருத்தின்றித் தட்டச்சிடும்போதும் ‘ஔவை’ என்பது ‘ஒளவை’ ஆகிவிடுகின்றது. தாளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். யாப்பிலோ முன்னது நேர்நேர், தேமா. பின்னது நிரைநேர், புளிமா. எழுத்தெண்ணிச் சீர் பிரிப்பார்க்கும், சொல்லடைவு தொகுப்பார்க்கும் இஃது எத்துணை இடர் என்பது வெளிப்படை.

1999இல் வெளிவந்த இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளுக்குரிய வரியமைப்பு முறையைத் தெரிந்தெடுக்காவிடின் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நிற்கும். வரியை ஒழுங்குபடுத்தும்போது ஒற்றெழுத்து அடுத்த வரியின் முதலில் வந்து நிற்றலும் உண்டு. இவை கண்ணுக்குப் புலனாவன, ஆதலின் திருத்தத்தக்கன. புலனாகாப் பிழையே அஞ்சத்தக்கது.

இம்மென்பொருள்களின் நன்மையை மறுப்பார் இலர். அச்சுக்கோப்பார் ஓர் ஈயவெழுத்தை மாற்றுதற்குள் இங்கு ஓர் இயல் முழுவதையும் மாற்றிவிடலாம். ஆயினும் அவ்வெளிமையே பொறுப்பைக் கூட்டுகின்றது. முன்பு அச்சுக்கோப்பாரும் மெய்ப்புத் திருத்துவோரும் பகிர்ந்துகொண்ட பணி இன்று நூலாசிரியர் ஒருவர்மேலேயே வந்து விழுகின்றது.

புறநானூற்றுப் பாடம் ஒரு பதிப்பில் பிழைப்பட்டால் பிற பதிப்புகளும் சுவடிகளும் துணை நிற்கும். மலைமக்கள் பாடலுக்கோ பாடியவர் குரலும் தொகுத்தவர் குறிப்பேடுமே சான்று. ‘இச்சொல் வழக்கில் இல்லையே’ என்று மெய்ப்பில் திருத்தப்படும் ஒரு வட்டாரச் சொல் அன்றே மறைந்துபோகும். ஆதலின் பக்கம் அமைந்து முடிந்தபின், இறுதி மெய்ப்பை ஒருவர் உரக்கப் படிக்க மற்றொருவர் குறிப்பேட்டோடு ஒப்பிடல் வேண்டும். இயலுமாயின் அம்மலையூரார் ஒருவரும் உடனிருந்து கேட்டல் வேண்டும். பக்கத்தின் அழகைப் பொறி தரும்; பாடத்தின் உண்மையைச் செவியும் கண்ணுமே தரும்.